இன்னொரு டிக்

வாரத்தில் ஐந்து நாள் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறேன்.
குராசோவின் தெற்குக் கரையில், குழாய்கள் முனகும் கூடத்தில்,
மானியின் முள் இறங்கும்வரை காத்திருந்து
தீவுக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுவது என் வேலை.
சனி ஞாயிறுகளில்
அதே உப்பை ஒரு காரிலிருந்து துடைக்கிறேன்.

கார் என் கொழுந்தன் எவரோனுடையது.
பழைய மாஸ்டா, ரோட்டரி எஞ்சின்.
கால் மைல் ஓட எட்டு விநாடி,
பிறகு பாராசூட், பிறகு நாள் முழுக்கப் பேச்சு.
டர்போவைப் பற்றிப் பேசுவார்கள்,
பச்சை விளக்கு விழுந்த கணத்தில்
டயர் ஈரத்துணிபோல் மடிவதைப் பற்றிப் பேசுவார்கள்.
சக்கரத்துக்கு ஐந்தாக நிற்கும் ஸ்டட்டுகளைப் பற்றி
யாரும் பேசி நான் கேட்டதில்லை.
உப்புப் பெறாத சமாச்சாரம்.

இங்கே எல்லாமே உப்புப் பெறும்.
கொண்டல் காற்று ஓய்வதில்லை,
திவி-திவி மரங்கள் மேற்கே குனிந்தே வளர்ந்தவை.
ட்ரெய்லரில் ஏற்றிய கார் திடலைச் சேருமுன்
கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
மனிதருக்குச் சொன்னது.
கடைப்பிடிப்பது இரும்பு.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் அடி என்றேன்.
அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டி உட்கார்ந்தால்
பேட்டரி வேலை தொடங்கிவிடும் என்றேன்.
மரையில் கிரீஸ் தடவினால் நட் வழுக்கிக்கொண்டு ஏறும்,
முறுக்கு அளவைக் குறை, இல்லாவிட்டால் ஸ்டட் இழுபடும் என்றேன்.
எவரோன் தலையாட்டினான்.
தலையாட்டுவதில் அவனுக்கு ஈடு இல்லை.

மார்ச் பந்தயத்துக்கு முந்தின வாரம்
பின்சக்கர ஸ்டட்டுகள் பத்தையும் கழற்றி
அமிலத்தில் ஊறப்போட்டான்.
துரு நுரைத்தது, கரைந்தது, காணாமல் போனது.
ஷுர்டனின் பட்டறையில் துத்தநாகப் பூச்சு.
வெள்ளிக்கிழமை மாலை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினான்,
கல்யாண வெள்ளிபோல் மின்னின.
"துருவா? எங்கே லுட்வினா, காட்டு!"

நான் கேட்டிருக்க வேண்டும்:
பூசிய கையோடு அடுப்பில் வைத்தானா? எத்தனை மணி நேரம்?
கேட்கவில்லை. எனக்கு இரவு ஷிப்ட்.
தவிர,
மின்னியது எனக்கும் பிடித்திருந்தது.

முறுக்குச் சாவி பத்துத் தடவை டிக் என்றது.
போதும். போதும். போதும்.

சனி இரவு, இரண்டேகால் மணி.
கார் போர்வைக்குள், அசையாமல்.
நான் கராஜ் வாசலில், ஆறிப்போன காபியோடு.
டிக்.
பல்லி சொல்கிறது என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக்.

விடிந்ததும் இடது பின்சக்கரத்தில் ஒரு நட்டைத் தொட்டேன்.
பழுத்தது காம்போடு வருவதுபோல்
ஸ்டட்டின் துண்டோடு கையில் வந்தது.
முறிந்த முகத்தில் துருவே இல்லை,
உடைந்த கற்கண்டின் பொடிப்பொடி மினுக்கம்.

"ஓடவே இல்லையே" என்றான் எவரோன்.
மூன்று முறை சொன்னான்.

துரு வெளியே இருந்து தின்றது, கண்ணுக்குத் தெரிந்தது.
அமிலம் உள்ளே ஹைட்ரஜனை விட்டுவிட்டுப் போனது.
பூச்சு அதன்மேல் கதவைச் சாத்தியது.
அடுப்புச் சூடு அதைத் துரத்தியிருக்கும்.
நீ இழுத்து முறுக்கிய கணத்திலிருந்து
அது எஃகுக்குள் நடந்துகொண்டிருந்தது, எவரோன்,
நீ தூங்கும்போதும்.

மீதி எட்டுத் தாங்கும் என்று சொல்வான் என
நான் காத்திருந்தேன்.
அவன் சொல்லவில்லை.

நுழைவுக் கட்டணம் திரும்பத் தரமாட்டார்கள்.
வேலியோரம் நின்று பொரித்த மீன் தின்றுகொண்டே
போனேரிலிருந்து வந்த ஹெர்செலியாவின் நீலக் காமரோ
எங்கள் பிரிவில் ஜெயிப்பதைப் பார்த்தோம்.
கூட்டம் கரும்பலகை எண்ணைப் பார்த்தது.
எவரோன் அவள் சக்கரத்தின் நடுவைப் பார்த்தான்.

புதிய ஸ்டட்டுகள் மயாமியிலிருந்து எண்ணெய்த்தாளில் வந்தன.
மங்கல் கறுப்பு.
ஓட்டம் முடிந்ததும் அவனே குழாய் பிடிக்கிறான்,
வாரமெல்லாம் நான் பிரித்தனுப்பிய தண்ணீர்.
சக்கரம் ஆறியதும் மறுபடி சாவியை வைக்கிறான்.
டிக் என்றதும்
கையை எடுக்காமல், தலையைச் சாய்த்து,
இன்னொன்று வருகிறதா என்று
கொஞ்ச நேரம் நிற்கிறான்.